லேக் பிளாசிட் நாட்குறிப்பு: பனிச் சுவரோரம் நிற்கும் பயிற்சியாளர்கள்

ஜனவரி 17, 2025, வெள்ளி: வழியில்

தம்பி மகன் கல்லூரியில் நூறு மீட்டர் ஓடுகிறான். போன இலையுதிர் காலத்தில் அவனுடைய தடகளப் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு, முதல் முப்பது மீட்டரில் நீ முன்னால் இருக்கிறாய், கடைசி நாற்பதில் எல்லாரும் உன்னைத் தாண்டிவிடுகிறார்கள், பாப்ஸ்லெட்டை யோசித்துப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். ஐஸ் பாதையில் வண்டியை ஓடித் தள்ளி, உள்ளே குதித்து, வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் பந்தயம் அது. அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "அத்தை, ஒரு தடவை லேக் பிளாசிட் போய் நேர்ல பாத்துட்டு வந்துடலாம்" என்று நச்சரித்தான். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, பாப்ஸ்லெட் பாதை உள்ள மலையூர் அது. மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வாரயிறுதி கிடைத்தது. விடியற்காலையில் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பிவிட்டோம்.

ஆல்பனி தாண்டும் வரை சாலை உலர்ந்திருந்தது. 87ஆம் நெடுஞ்சாலையை விட்டு 73ஆம் சாலைக்குள் திரும்பியதும் அடிராண்டாக் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. முன்னால் போன லாரி உப்புச் சேற்றை வாரி அடித்துக்கொண்டே போனது. கண்ணாடியைக் கழுவலாம் என்று பொத்தானை அழுத்தினால் ஒரு சொட்டு வரவில்லை. கடைசியாக சர்வீஸ் செய்த இடத்தில் கோடைகாலத் திரவத்தை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். அது குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டது. கீன் பள்ளத்தாக்கில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலும் காகிதத் துண்டுமாகத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

பிக்கப் வண்டியில் வந்த ஒரு பெரியவர் ஒன்றுமே கேட்காமல் இறங்கி வந்தார். எங்கள் பானெட்டைத் திறக்கச் சொன்னார். தன் வண்டியிலிருந்து கடுங்குளிருக்கான திரவத்தை எடுத்து முக்கால் கேலன் ஊற்றினார். எஞ்சின் சூட்டில் பத்து நிமிடத்தில் இளகிவிடும் என்றார், இளகியது. காசு நீட்டினேன். கையை ஆட்டி மறுத்துவிட்டு, மேலே காஸ்கேட் ஏரிகள் பக்கம் காற்று அடிக்கும், மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வழியெல்லாம் தம்பி மகன் பிரையன் ஷைமரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அமெரிக்க பாப்ஸ்லெட் பைலட், அதாவது வண்டியை ஓட்டுபவர். 1962இல் பிறந்தவர். ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர், அதாவது மணலும் கடலும் உள்ள ஊர்க்காரர். கென்டக்கியில் மோர்ஹெட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் பாப்ஸ்லெட்டுக்கு வந்தார். 1988, 1992, 1994, 1998, 2002 என்று ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1992இல் ஆல்பர்வில்லில் இருவர் வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கர். ஏழாவது இடம்.

1994 லில்லஹாமரில் நடந்தது இன்னும் கொடுமை. வண்டியின் அடியில் ஐஸில் வழுக்கும் எஃகுப் பட்டைகளை, அதாவது ரன்னர்களை, சூடாக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் கண்டிப்பான விதி. சூடான எஃகு ஐஸில் வேகமாக வழுக்கும் என்பதால் பந்தயத்துக்கு முன் வெப்பத்தை அளந்து பார்ப்பார்கள். ஷைமரின் நால்வர் வண்டி ரன்னர்கள் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததாகச் சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள்.

நான்கு வருடம் கழித்து நாகானோ. பிரிட்டனும் பிரான்சும் ஒரே நேரத்தில் முடித்து வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டன. ஷைமர் 0.02 விநாடி பின்னால், ஐந்தாவது இடத்தில். அத்தனை சுற்றுகளின் நேரத்தையும் கூட்டிய பிறகு கிடைக்கும் வித்தியாசம் இது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் 0.02 விநாடி என்றால் முக்கால் மீட்டர்கூட இல்லை என்று தம்பி மகன் போனில் கணக்குப் போட்டுச் சொன்னான். வண்டியின் மூக்கு நீளம்.

இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிட்டோம். நீண்ட வாரயிறுதி என்பதால் அறை வாடகை வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவுக்குத் தக்காளி சூப்பும் சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும். ஆளுக்குப் பத்தொன்பது டாலர், டிப்ஸ் தனி. குளிருக்கு சூப் அமிர்தமாக இருந்தது.

ஜனவரி 18, சனி: மவுண்ட் வான் ஹோவன்பெர்க்

காலையில் மைனஸ் பதினைந்து டிகிரி செல்சியஸ். ஊரிலிருந்து சில மைல் தொலைவில் மலைச்சரிவு. வழியில் ஸ்கை ஜம்ப் கோபுரங்கள் இரண்டு காட்டுக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன.

இங்கே முதல் பாப்ஸ்லெட் பாதை 1932 ஒலிம்பிக்குக்காக வெட்டப்பட்டது, ஒன்றரை மைல் நீளம். அந்த ஒலிம்பிக்கில் பில்லி ஃபிஸ்க் ஓட்டிய வண்டியில் தங்கம் வாங்கியவர்களில் ஒருவர் எடி ஈகன். 1920இல் குத்துச்சண்டையிலும் தங்கம் வாங்கியவர். வேறு விளையாட்டிலிருந்து ஆள் எடுப்பது இந்த விளையாட்டில் அன்றே இருந்திருக்கிறது. அந்தப் பழைய பாதை சாதுவானதல்ல. ஷேடி வளைவில் 1949இல் பெல்ஜியத்தின் மாக்ஸ் ஹூபன் இறந்தார். ஜிக்ஜாக் வளைவுகளில் 1966இல் செர்ஜியோ ஸர்தினி இறந்தார். இருவரும் கற்றுக்குட்டிகள் அல்ல, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பைலட்டுகள். இப்போது அந்த வழியை ஒட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கான ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. குழந்தைகள் கத்திக்கொண்டு போகிறார்கள்.

இப்போது பந்தயம் நடக்கும் பாதை 2000இல் திறந்தது. 1,455 மீட்டர் நீளம், 20 வளைவுகள், 128 மீட்டர் இறக்கம். கான்கிரீட்டுக்குள் குளிர்பதனக் குழாய்கள் ஓடுகின்றன. ஐஸ் மட்டும் கையால் செய்வது. பார்வையாளர்கள் பாதையை ஒட்டியே நடந்து போகலாம். அப்படி நடந்தபோது ஒரு வளைவின் வெளியேறும் இடத்தில் இரண்டு தொழிலாளர்களைப் பார்த்தோம். ஒருவர் குழாயால் நீரைப் புகையாகத் தூவ, அது சுவரில் பட்ட உடனே பிடித்துக்கொண்டது. இன்னொருவர் நீளக் கைப்பிடி போட்ட அகலமான பிளேடால் அதைச் சீவினார். கொத்தனார் பூச்சு வேலையில் மட்டப்பலகையை இழுப்பதுபோல, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். திருப்தி இல்லை போலும், மறுபடியும் சீவினார். மைனஸ் பதினைந்தில் வெறுங்கை.

உலகக் கோப்பை அணிகள் இந்த வாரம் ஐரோப்பாவில். மார்ச்சில் உலக சாம்பியன்ஷிப் இங்கே நடக்கப்போகிறது. இன்று பயிற்சி எடுத்தவர்கள் இளையவர்கள். மேலே தொடக்க மேடையில் நின்றோம். தலைக்கவசம் போட்ட இரண்டு பேர், கால்களில் நூற்றுக்கணக்கான ஊசிமுனைகள் கொண்ட ஷூ. வண்டியை ஒரு தடவை முன்னும் பின்னும் அசைத்துவிட்டு ஒரே கத்தல், ஓட்டம். ஐம்பது மீட்டர் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே குதிக்க ஐந்து ஆறு விநாடிதான். தம்பி மகன் அவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். குதித்த பிறகு பின்னால் இருப்பவருக்கு முடிவுக்கோடு வரை ஒன்றும் தெரியாது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கோட்டைத் தாண்டியதும் பிரேக்கை இழுக்க வேண்டும். மீதி எல்லாம் பைலட்டின் இரண்டு கைகளில். ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. இரண்டு வளையங்கள், அவற்றிலிருந்து முன் ரன்னர்களுக்குப் போகும் கயிறு, அவ்வளவுதான்.

இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாத காட்சி அதற்குப் பிறகுதான் கிடைத்தது. கீழே வளைவுகள் நெருங்கும் ஓர் இடத்தில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தார். ஒரு கையில் டேப்லெட், தோளில் வாக்கிடாக்கி, காலடியில் பனியில் போட்ட ரப்பர் மிதியடி. முப்பது வயது சொல்லலாம். முன்பு பிரேக்கராக இருந்தவர், இப்போது உதவிப் பயிற்சியாளர். வண்டி வரும் சத்தம் முதலில் தூரத்து ரயில் ஓசையாகக் கேட்டது, அடுத்த கணம் எங்கள் முகத்துக்கு முன்னால் ஐஸ் தூள் பறந்தது, வண்டி போய்விட்டது. எனக்கு ஒரு நிறம் மட்டும் தெரிந்தது. அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். உடனே ஏதாவது திட்டுவார், திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். கீழே போய் நின்ற பைலட்டிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இங்கே என்ன உணர்ந்தாய்?"

பதில் கரகரவென்று வந்தது. அதை முழுக்கக் கேட்டார். பிறகுதான், வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி சற்று உயரத்தில் இருந்தது, பின் ரன்னர் ஒரு கணம் வழுக்கியது என்று அமைதியாகச் சொன்னார்.

இடைவேளையில் தம்பி மகன் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகப் பதில் சொன்னார். நான் முதலில் சொல்லிவிட்டால் பைலட் என் கண்ணை நம்பி ஓட்டுவார், வண்டிக்குள் நான் இருக்கமாட்டேனே என்றார். பயிற்சிக்கு முன் பைலட்டுகளோடு பாதை முழுக்க நடப்பாராம். ஒவ்வொரு வளைவிலும் குனிந்து உட்கார்ந்து, வண்டிக்குள் கண் இருக்கும் உயரத்தில் ஐஸைப் பார்ப்பார்களாம். காலையிலிருந்து நாலு மணி நேரமாக நிற்கிறேன், எல்லா வண்டியையும் சேர்த்தால் நான் பார்த்தது ஒரு நிமிடம்கூட இருக்காது என்று சிரித்தார்.

பிற்பகலில் சுற்றுலாப் பயணிகளுக்கான வண்டியில் நாங்களும் ஏறினோம். இருவருக்கும் சேர்த்து இருநூறு டாலருக்கு மேல். முன்னால் அனுபவப்பட்ட பைலட், பின்னால் பிரேக்கர், நடுவில் நாங்கள். உச்சியிலிருந்து விடமாட்டார்கள், கீழே ஓர் இடத்திலிருந்துதான். முதல் இரண்டு வளைவு வரை சுற்றும் பார்க்க முடிந்தது. மூன்றாவதில் தலை தோளுக்குள் இறங்கியது, கன்னம் கீழே இழுத்தது, மூச்சை வெளியே விட முடியவில்லை. காதில் ஐஸ் உரசும் சத்தம் மட்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இறங்கியபோது கழுத்து வலித்தது. இதையே உச்சியிலிருந்து, இருமடங்கு அழுத்தத்தில், கையில் இரண்டு கயிற்றோடு, எந்த வளைவில் எத்தனை விரல் அளவு இழுத்தோம் என்று நினைவு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்றால்? அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொன்ன இளம் பைலட்டின் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஜனவரி 19, ஞாயிறு: ஊருக்குள்

கழுத்து இன்னும் பிடித்திருந்தது. மெதுவாக மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தோம். கடைகளுக்குப் பின்னால் மிரர் ஏரி உறைந்து கிடக்கிறது, அதன்மேல் ஆட்கள் நாயோடு நடக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு முன்னால் இருக்கும் வட்டப் பாதையில்தான் 1980இல் எரிக் ஹைடன் ஐந்து தங்கம் வாங்கினார். இப்போது அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போகிறார்கள். தெரு முனையில் சூடாகப் பொரித்த ஆப்பிள் டோனட் வாங்கினோம், ஆறு எட்டு டாலர். கடைக்காரம்மா எங்கள் முகத்தைப் பார்த்து, நேற்று பாப்ஸ்லெட் ஏறினீர்களா, கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லி, சூடான சைடரை ஒரு கப் இலவசமாகக் கொடுத்தார்.

ஸ்டீவன் ஹோல்கம்பைத் தெரியுமா என்று அவரிடம் தம்பி மகன் கேட்டான். இந்த ஊரில் அவரைத் தெரியாதவர் உண்டா என்றார் அந்தம்மா. அதற்கு மேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஷைமரின் கதையின் இரண்டாம் பாதி ஹோல்கம்பின் கதை. 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், 39 வயதில், ஷைமர் நால்வர் வண்டியில் வெண்கலம் வாங்கினார். அதே பந்தயத்தில் டாட் ஹேஸ் ஓட்டிய இன்னொரு அமெரிக்க வண்டிக்கு வெள்ளி. 46 வருடங்களுக்குப் பிறகு அமெரிக்க ஆண்களுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பாப்ஸ்லெட் பதக்கங்கள். ஹேஸும் பிறகு பயிற்சியாளராகப் போனார். ஷைமர் ஓய்வுபெற்று அமெரிக்க அணிக்கே பயிற்சியாளரானார்.

அவரிடம் வந்த பைலட் ஹோல்கம்ப். கண்ணின் கருவிழி கூம்பாகிக்கொண்டே போகும் கெரடோகோனஸ் நோய் அவருக்கு. கண் மங்கிக்கொண்டே வந்ததை வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்து ஓட்டியிருக்கிறார். கடைசியில் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லி, விலகிக்கொள்கிறேன் என்றபோது அவரை அப்படியே போக விடவில்லை. சிகிச்சை தேடினார்கள். 2008இல் கண் சரியானது.

ஆனால் பார்வை திரும்பிய பிறகு ஹோல்கம்புக்கு ஓட்டுவது சிரமமாகியது. அத்தனை வருடமும் அவர் வண்டியின் அதிர்வை உடம்பால் உணர்ந்து ஓட்டியவர். இப்போது கண்ணில் ஏகப்பட்டது விழுந்தது. அதனால் ஹெல்மெட் கண்ணாடியைக் கீறலும் அழுக்குமாகவே வைத்துக்கொண்டு, மங்கலாகப் பார்த்தே ஓட்டினார். நேற்று அந்தப் பெண் வாக்கிடாக்கியில் கேட்ட கேள்வியின் முழு அர்த்தமும் எனக்கு இங்கேதான் பிடிபட்டது.

2009இல் இதே லேக் பிளாசிட்டில் நால்வர் வண்டியில் உலக சாம்பியன். 1959க்குப் பிறகு அமெரிக்காவுக்கு முதல் தடவை. 2010 பிப்ரவரியில் விஸ்லரில், 'நைட் டிரெயின்' என்ற கறுப்பு வண்டியில், ஸ்டீவ் மெஸ்லர், கர்டிஸ் தோமசேவிச், ஜஸ்டின் ஓல்சன் ஆகியோரோடு ஒலிம்பிக் தங்கம். 62 வருடக் காத்திருப்பு. வெற்றி வித்தியாசம் 0.38 விநாடி. 0.02இல் பதக்கம் தவறிய மனிதரின் மாணவருக்கு 0.38. நால்வர் வண்டியில் ஷைமருக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவே இல்லை, ஹோல்கம்புக்கு இரண்டு சுற்று முடிந்தபோதே கிட்டத்தட்ட நிச்சயமாகிவிட்டது.

நல்ல வீரர் எல்லாரும் நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்தவரைவிட, மயிரிழையில் தவறவிட்டு, மறுவருடமும் வந்து நின்றவரிடம் ஒரு பையன் "எனக்குக் கண் தெரியவில்லை" என்று சொல்வது எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. கனடாவின் பியர் லூடர்ஸையும் சொல்ல வேண்டும். 1998இல் இருவர் வண்டியில் இத்தாலியோடு நூற்றிலொரு விநாடிகூட வித்தியாசமில்லாமல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர். பயிற்சியாளராகி 2018இல் தென்கொரியாவோடு நின்றார். அவர்களுடைய நால்வர் வண்டி ஜெர்மனியின் ஒரு வண்டியோடு சரிசமமாக வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டது.

ஹோல்கம்ப் 2014 சோச்சியில் இரண்டு வெண்கலம் வாங்கினார். ரஷ்ய வண்டிகள் ஊக்கமருந்து விவகாரத்தில் நீக்கப்பட்ட பிறகு அவை வெள்ளியாக உயர்ந்தன. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2017 மே மாதம், இந்த ஊரின் ஒலிம்பிக் பயிற்சி மையத்திலேயே, 37 வயதில் இறந்துபோனார். டோனட் கடைக்காரம்மா பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

மாலையில் பனி கொட்ட ஆரம்பித்தது. இரவு பத்து மணிக்கு எங்கள் அறையின் ஹீட்டர் நின்றுவிட்டது. விடுதிக்காரர் இரண்டு கூடுதல் கம்பளியும் ஒரு சிறிய மின் ஹீட்டரும் கொண்டுவந்து வைத்தார். மூன்று மணி வரை தூக்கம் இல்லை. தம்பி மகன் விழித்திருந்து, தேர்வு முகாம்களில் என்னென்ன பரிசோதிப்பார்கள் என்று சொன்னான்: 45 மீட்டர் வரை ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், இரும்புக் குண்டை இரண்டு கையாலும் தாழ இருந்து வீசுதல். வொனெட்டா ஃபிளவர்ஸ் தடகள வீராங்கனையாக இருந்து இப்படி வந்தவர்தான், 2002இல் ஜில் பேக்கனோடு தங்கம் வாங்கினார் என்றான். அவன் உடல் எடையைப் பற்றியும் யோசித்து வைத்திருக்கிறான். நால்வர் வண்டியும் ஆட்களும் சேர்ந்து 630 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் பலம் எவ்வளவு, எடை எவ்வளவு என்பதுதான் கணக்கு. இன்னும் பத்து கிலோ சதை போட வேண்டுமாம்.

ஜனவரி 20, திங்கள்: திரும்பும் வழி

காலையில் காரைத் தோண்டி எடுக்கவே அரை மணி நேரம். பக்கத்து அறை தம்பதி தங்கள் மண்வாரியைக் கொடுத்து, அவர்களும் கூட நின்று வாரினார்கள். விடுதிக்காரர் நேற்றைய வாடகையில் பாதியைக் கேட்காமலே கழித்துவிட்டார். காலை உணவுக்கு பான்கேக், இந்த மலையில் எடுத்த மேப்பிள் பாகு ஊற்றி, பதினாறு டாலர். கடைகளில் கிடைக்கும் கெட்டிப் பாகு மாதிரி இல்லை, நீர்த்து, லேசான புகை வாசத்தோடு இருந்தது. ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.

கீன் இறக்கத்தில் போகும்போது தம்பி கூப்பிட்டான். மகன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். தம்பி கேட்டது இரண்டே கேள்வி: அடி படுமா, செலவு யார் பார்ப்பது? இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் சொன்னேன். அடி படும். வண்டி கவிழும், தலை உதறும், முதுகு தேயும். பணமும் பெரிதாகக் கிடையாது. தொடக்கத்தில் நிறைய பேர் தங்கள் கைக்காசில்தான் வருகிறார்கள், பலர் இன்னொரு வேலையும் பார்க்கிறார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, நீ நேர்ல பாத்தியே, உனக்கு என்ன தோணுது?" என்றான்.

படிப்பை முடிக்கட்டும், கோடையில் தேர்வு முகாமுக்குப் போகட்டும், போகும் செலவு என்னுடையது என்றேன். அவன் அம்மாவிடம் நானே பேச வேண்டும் என்று நிபந்தனை போட்டு, சரி என்றான். புதன்கிழமை இரவு பேசப் போகிறேன்.